கத்தி ஒருவர் கையில், பொறுப்பு எவர் கையில்?

சில மாதங்களுக்கு முன்னர் எமது ஊர் நூலக மண்டபத்திலே ஒரு பாராட்டு விழா நடைபெற்றது. நெடுங்காலம் அரச வைத்தியசாலைகளிலே கடமையாற்றி ஓய்வுபெற்ற சத்திரவைத்தியர் ஒருவருக்கு ஊரார் மாலையிட்டுப் பொன்னாடை போர்த்தினர். அதிற் குறைகாண எதுவுமில்லை. ஆயின், வாழ்த்துரை வழங்கிய பெரியவர் ஒருவர் கூறிய வார்த்தைகள் இன்றுவரை எம் செவியை விட்டு அகலவில்லை. “சத்திரசிகிச்சைக் கூடம் கோயிலின் கருவறையைப் போன்றது. அங்கே ஒருவர்தான் பேசலாம். மற்றையோர் கைகட்டி நின்று சொன்னதைச் செய்ய வேண்டும். அதற்குள்ளே சட்டத்துக்கு என்ன வேலை? பத்திரிகைக்காரனுக்கு என்ன வேலை?” என்றார் அவர். மண்டபம் கைதட்டிற்று. கேட்டுக்கொண்டிருந்தவர்களுள் நாமும் ஒருவர். நாமும் வாய் திறக்கவில்லை. அன்று பேசாதிருந்தமைக்குப் பரிகாரமாகவே இதனை எழுதுகின்றோம்.

கருவறை என்ற உவமை யாழ்ப்பாணத்தவர் நாவிலே இலகுவாக வருகின்றது. ஆனால் யார் உள்ளே செல்லலாம், யார் வாசலிலே நிற்க வேண்டும் என்ற வழக்கின் பெயரால் எத்தகைய அநீதிகள் காக்கப்பட்டன என்பதை 1968ஆம் ஆண்டின் மாவிட்டபுரத்தை அறிந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அதே வழக்கை நோயாளியின் உயிர் ஊசலாடும் இடத்துக்குக் கொண்டுசெல்வது புகழ்ச்சியாகாது, ஆபத்தாகும்.

சத்திரவைத்தியரின் திறமையையோ உழைப்பையோ நாம் குறைத்து மதிக்கவில்லை. பல மணிநேரம் கால் கடுக்க நின்று பிறர் உயிரைக் காப்போர் அவர்கள். ஆயினும் அக்கூடத்திலே அவர் தனித்து நிற்பதில்லை. நோயாளியின் மூச்சையும் குருதியோட்டத்தையும் கணந்தோறும் கண்காணிக்கும் மயக்கமருந்து வைத்தியர் தலைமாட்டிலே இருக்கின்றார். உதவிச் சத்திரவைத்தியர் எதிர்ப்புறத்திலே நிற்கின்றார். கருவிகளை எடுத்துக் கொடுக்கும் தாதி, உள்ளே சென்ற ஒவ்வொரு துணியையும் ஊசியையும் எண்ணிக் கணக்கு வைத்திருக்கின்றார். வேண்டியவற்றைக் கொணர்ந்து, குறித்து வைப்பவர் இன்னொரு தாதி. நோயாளியைத் தள்ளுவண்டியிலே கொண்டுவந்து மேசையிலே கிடத்தி, குருதி தோய்ந்த நிலத்தைத் துடைப்பவர் சிற்றூழியர். இவர்களுள் எவர் கடமை தவறினாலும் மேசையிற் கிடப்பவரே அதன் விலையைக் கொடுக்கின்றார். அவரோ மயக்கத்திலே கிடக்கின்றார். தமக்காகத் தாமே பேச இயலாதவர்.

இவ்வுண்மை எம்மவர்க்குப் புதியதன்று. திருக்குறளின் மருந்து அதிகாரத்தை முடிக்கும் குறளிலே வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து துணைசெய்பவனையும் ஒரு கூறாக அவர் எண்ணுகின்றார். துணைசெய்பவன் மருத்துவனின் ஏவலாள் என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்திலோ, தவறு கண்டவிடத்துக் கண்டித்துச் சொல்வாரை அருகில் வைத்திராத அரசனுக்குப் பகைவரே வேண்டியதில்லை, அவன் தானே அழிவான் என்ற கருத்தை வைத்தார். இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் விழா மண்டபத்துப் பெரியவருக்கு வேறு விடை தேவையில்லை. ஆயினும் அவர் சட்டத்தையும் இழுத்தமையால், சட்டம் சொல்வதையும் பார்ப்போம்.

ஒரு காலத்திலே சட்டமும் அப்பெரியவரைப் போலவே எண்ணிற்று. 1909ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஹில்லியர் வழக்கிலே ஒரு தீர்ப்பளித்தது. மயக்கத்திலே கிடந்தபொழுது கை சுடப்பட்டுப் பாதிப்புற்ற ஒருவர் வைத்தியசாலைக்கெதிராகத் தொடுத்த வழக்கு அது. தாதியர் சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாயிலைத் தாண்டியதும் வைத்தியசாலையின் ஆட்களாக இருப்பதை விட்டு, சத்திரவைத்தியரின் ஏவலுக்குட்பட்டோர் ஆகிவிடுகின்றனர் என்று நீதிமன்றம் கருதிற்று, வைத்தியசாலை தப்பித்துக்கொண்டது. அமெரிக்காவின் பென்சில்வேனிய மாநிலத்திலே 1949இல் வழங்கப்பட்ட ஒரு தீர்ப்பு சத்திரவைத்தியரைக் கப்பற்றலைவனுக்கு ஒப்பிட்டது. கூடத்திலே நிகழும் பிறர் தவறுக்கும் அவரே பொறுப்பாகலாம் என்பது அதன் கருத்து.

கப்பல் உவமை கேட்பதற்கு இனிமையானது. ஆயின் வல்வெட்டித்துறையிலே வத்தை ஓட்டிய பரம்பரையினரைக் கேட்டுப் பாருங்கள். தண்டையல் ஒருவனே ஆயினும், அணியத்திலே நிற்பவன் பாறையைக் கண்டும் வாய் திறவாதிருந்தால் அவனை யாரும் பணிவுள்ளவன் என்று மெச்சமாட்டார்கள். சட்டமும் காலப்போக்கிலே இவ்வுண்மையை நோக்கி நகர்ந்தது. 1951ஆம் ஆண்டின் கசிடி வழக்கிலே, மடங்கிப்போன இரு விரல்களைச் சீராக்கச் சென்றவர் நான்கு விரல்களும் விறைத்த கையோடு வெளிவந்தார். யாருடைய தவறு என்று நோயாளி விரல் சுட்ட வேண்டியதில்லை, வைத்தியசாலையே விளக்கமளிக்க வேண்டும், தன் ஊழியர் எவர் தவறினாலும் பொறுப்பு அதனைச் சாரும் என்று அதே மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. அமெரிக்க மாநிலங்கள் பலவும் கப்பற்றலைவன் கோட்பாட்டைக் கைவிட்டன.

வைத்தியசாலை பொறுப்பேற்பதனால் தனிமனிதர் தப்பிவிடுவார் என்பதுமில்லை. 1987இல் இங்கிலாந்திலே கண் சத்திரசிகிச்சை ஒன்று நடந்துகொண்டிருந்தபொழுது நோயாளியின் மூச்சுக்குழாய் கழன்றுவிட்டது. பல நிமிடங்கள் மயக்கமருந்து வைத்தியர் அதனைக் கவனிக்கவில்லை, நோயாளி இறந்தார். கத்தி பிடித்தவர் அவரல்லர். ஆயினும் பாரதூரமான கவனயீனத்தால் மரணம் விளைவித்தார் என்ற தீர்ப்பை 1994இல் பிரபுக்கள் சபை உறுதிசெய்தது. எமது நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, கவனயீனமான செயலால் மரணம் விளைவிப்பவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கலாம் என்கின்றது. அச்சட்டக்கோவையிலே ‘செயல்’ என்ற சொல், சட்டவிரோதமாகச் செய்யாது விடுதலையும் உள்ளடக்கும். கடமை உள்ள இடத்திலே வாளாவிருத்தலும் ஒரு செயலே என்பது இதன் பொருள். “நான் சொன்னதைத்தான் செய்தேன்” என்பதும், “எனக்கேன் வம்பு என்று பேசாதிருந்தேன்” என்பதும் தாதிக்கோ வைத்தியருக்கோ கேடயமாக மாட்டா.

ஆயின், சட்டம் நடந்து முடிந்தபின் வருவது. அதுவும் மெல்ல வருவது. 1992இல் உயிர்நீத்த ஒரு சிறுமியின் நோயை உரிய காலத்திற் கண்டறியவில்லை என்று அவளது தந்தை தொடுத்த வழக்கு இந்நாட்டு மருத்துவச் சட்ட வரலாற்றிலே பெயர்பெற்றது. 2001ஆம் ஆண்டு வரை அது இழுபட்டது. தவறுக்கும் இறப்புக்கும் உள்ள காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று உயர்நீதிமன்றம் ஈற்றிலே முடிவுசெய்தது. அத்தந்தையோ ஒரு சட்டத்தரணி. அவருக்கே அத்தனை ஆண்டுகள் எனின், வன்னியிலுள்ள ஒரு கமக்காரன் எந்தப் படியிலே ஏறுவான்? ஆகவே நோயாளியைக் காக்கவல்ல காவல் நீதிமன்றத்திலன்று, சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். தவறைக் கண்டவர் கண்ட கணத்திலே வாய் திறப்பதே அக்காவல்.

வாய் திறந்தவர்க்கு நேர்ந்தது என்ன? இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர வைத்தியசாலை இதற்குச் சான்று. 1988இல் அங்கு கடமையேற்ற மயக்கமருந்து வைத்தியர் ஸ்டீவன் போல்சின், இதய சத்திரசிகிச்சைக்கு உட்படும் குழந்தைகள் அளவுக்கு மீறி இறப்பதைக் கண்டார். 1990இலேயே நிர்வாகத்துக்கு எழுதினார். கணக்கெடுத்தார், சக வைத்தியரிடம் பேசினார். அவரைத் தொல்லை தருபவராகவே பலர் நோக்கினர். 1991 முதல் 1995 வரையான காலத்திலே, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 30 முதல் 35 வரையானோர், ஒத்த நிலையிலுள்ள ஏனைய நிலையங்களிலே எதிர்பார்க்கப்படும் அளவுக்கு மேலதிகமாக இறந்தனர் என்று 2001இல் வெளிவந்த பகிரங்க விசாரணை அறிக்கை கூறிற்று. போல்சின் இங்கிலாந்தை விட்டு அவுஸ்திரேலியா சென்றுவிட்டார். 1998இல் அந்நாட்டு மருத்துவச் சபை மூவரைக் குற்றவாளிகளாகக் கண்டது. இருவருடைய பெயர்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. அவ்விருவருள் ஒருவர் கத்தியைத் தொட்டவரே அல்லர். அவர் வைத்தியசாலையின் தலைமை நிர்வாகி, பயிற்சியால் வைத்தியர். எச்சரிக்கை தம் காதிலே விழுந்தும் உரியது செய்யாதிருந்தமையே அவர் குற்றம். கேளாத காதும் பேசாத வாயைப் போன்றதே என்பதை எமது வைத்தியசாலை நிர்வாகிகள் மனங்கொள்வார்களாக.

பேசத் தெரியாமையாலும் உயிர் போவதுண்டு. 2005ஆம் ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்திலே மார்ட்டின் புறோமிலி என்னும் விமானியின் மனைவி ஒரு சாதாரண மூக்குச் சத்திரசிகிச்சைக்காக மயக்கமருந்து பெற்றார். மூச்சுவழி அடைபட்டது. அனுபவம் மிக்க வைத்தியர்கள் குழாயை உட்செலுத்துவதற்குத் திரும்பத் திரும்ப முயன்று நேரத்தை இழந்தனர். தொண்டையிலே துளையிட்டு மூச்சு வழங்க வேண்டிய நிலை வந்துவிட்டதைத் தாதியர் உணர்ந்தனர். ஒருவர் அதற்கான கருவிப் பெட்டியைக் கொணர்ந்து, கொணர்ந்ததாகக் கூறவும் செய்தார். எவரும் செவிமடுக்கவில்லை. அதற்கு மேலே எப்படிச் சொல்வது என்று அத்தாதியருக்குத் தெரியவில்லை. சில நாட்களின் பின் அப்பெண்மணி இறந்தார். கணவரோ பழிவாங்கப் புறப்படவில்லை. விமானத் துறை இப்பாடத்தை முன்னரே கற்றிருந்ததை அவர் அறிவார். 1977இலே தெனரீப் தீவின் ஓடுபாதையிலே இரு விமானங்கள் மோதி 583 பேர் மாண்டபொழுது, எதிரே மற்றைய விமானம் விலகிவிட்டதா என்ற ஐயத்தை விமானப் பொறியியலாளர் எழுப்பியிருந்தார். தலைமை விமானி அதனைத் தட்டிக்கழித்தார். அதன் பின்னரே, இளையவர் பேசவும் மூத்தவர் கேட்கவும் விமானிகள் முறையாகப் பயிற்றப்பட்டனர். அப்பயிற்சியை வைத்தியத்துறைக்குக் கொண்டுவரவே மார்ட்டின் புறோமிலி உழைக்கலானார்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் 19 வினாக்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மயக்கமருந்து கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், நோயாளி கூடத்தை விட்டு நீங்குமுன் என மூன்று வேளைகளிலே குழுவினர் நின்று நிதானித்து, நோயாளி யார், எப்பக்கத்திலே சிகிச்சை, துணிகளின் எண்ணிக்கை சரியா என்பவற்றை உரத்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் கூற வேண்டும். இலண்டன், புதுடில்லி உட்பட எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளிலே இதனைச் செயற்படுத்தியபொழுது இறப்பு நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8 ஆகக் குறைந்தமை 2009இல் வெளியிடப்பட்டது. ஆயின் கனடாவின் ஒன்ராறியோவிலே 101 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த முடிவிலே அத்தகைய குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. காகிதத்திலே சரியடையாளம் இடுவதாற் பயனில்லை என்பதையே இவ்விரண்டும் சேர்ந்து உணர்த்துவதாக நாம் கொள்கின்றோம். பேசுவதற்கு அஞ்சும் குழுவின் கையிலே அப்பட்டியலும் இன்னொரு படிவமே.

இனி எமது மண்ணுக்கு வருவோம். சாதாரணதர வகுப்பு வரை எம்மிடம் தமிழ் கற்ற மாணவி ஒருத்தி இன்று ஒரு வைத்தியசாலையிலே தாதி. எந்த வைத்தியசாலை என்பது இங்கு வேண்டியதில்லை. சென்ற தை மாதம் எம்மைக் காண வந்தவள் ஒரு நிகழ்ச்சியைக் கூறினாள். நள்ளிரவு தாண்டிய வேளை. வயிற்றுச் சத்திரசிகிச்சை முடியும் தறுவாய். அவள் எண்ணிப் பார்த்தாள். இரத்தம் ஒற்றும் துணி ஒன்று குறைந்தது. சொன்னாள். “வடிவாய் எண்ணும், உள்ளே ஒன்றுமில்லை” என்றார் சத்திரவைத்தியர். மறுபடியும் எண்ணினாள், மறுபடியும் சொன்னாள். அவர் தையலூசியைக் கேட்டார். அவள் எடுத்துக் கொடுத்தாள். அவ்வேளை மூலையிலே நிலம் துடைத்துக்கொண்டிருந்த வயதான சிற்றூழியப் பெண், “ஐயா, மிஸ் சொல்லுறது சரி. வாளியிலையும் நான் பாத்திட்டன். ஒண்டு குறையுது” என்றாளாம். கூடம் ஒரு கணம் உறைந்தது. வைத்தியர் சினந்தார், ஆயினும் கையை மீண்டும் உள்ளே விட்டுத் தேடினார். குடலின் மடிப்பிலே துணி இருந்தது.

நோயாளி நலமாக வீடு சென்றார். தம் உயிர் யாருடைய வாயிலே தொங்கிற்று என்பதை அவர் இன்றுவரை அறியார். மாதம் ஒன்று கழியுமுன் அச்சிற்றூழியப் பெண் வேறொரு பகுதிக்கு மாற்றப்பட்டாள். காரணம் எழுத்திலே இல்லை. இவ்வளவையும் கூறிய மாணவி, ஈற்றிலே தலைகுனிந்து சொன்னாள்: “சேர், நான் ரெண்டுதரம் சொன்னனான். மூண்டாந்தரம் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. ஊசியை எடுத்துக் குடுத்திட்டன். அந்த அம்மா இல்லாட்டி...”

கருவறை உவமை கூறிய பெரியவர் இதற்கு என்ன சொல்வார்? அன்று வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியவள் என்று கருதப்பட்டவளே உயிரைக் காத்தாள்.

இன்னொரு சாராரும் உளர். வைத்தியசாலையிலே ஒரு மரணம் நிகழ்ந்தவுடன், விசாரணை தொடங்குமுன்னரே கைப்பேசியிலே தீர்ப்பு எழுதுவோர் இவர்கள். யாரேனும் ஒருவரைச் சிறையிலடைத்தால் நீதி நிலைத்துவிட்டதாக இவர்கள் மனநிறைவு கொள்கின்றனர். இவர்களையும் நாம் ஏற்கோம். முயற்சி யாவும் செய்தும் நேரும் தோல்வி வேறு, கடமையைப் புறக்கணிப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் வைத்தியர் உண்மையை மறைப்பர். தாதியர் பதிவேட்டைத் திருத்துவர். மேலும், ஒரு தலை வேண்டும் என்று கூட்டம் கூச்சலிடும்பொழுது மேலிருந்து நீட்டப்படும் தலை அடிமட்ட ஊழியருடையதாகவே இருப்பதை நாம் காண்கின்றோம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்பின் வைத்தியர்களும் தாதியரும் பெருந்தொகையாக நாட்டை விட்டு நீங்கினர். எஞ்சியோரை ஓய்வின்றி வேலை வாங்கும் நிர்வாகமும், வெற்றிடங்களை நிரப்பாத அரசும் குற்றவாளிக் கூண்டுக்கு வெளியே நின்றுவிடுவதற்கு இக்கூச்சலே துணைபோகின்றது.

ஆகவே நாம் வேண்டுவன இவை. கத்தி வைக்குமுன் எல்லோரும் பேசும் அந்த ஒரு நிமிடம் ஒவ்வொரு கூடத்திலும் மெய்யாகவே கடைப்பிடிக்கப்பட வேண்டும். எண்ணிக்கை குறைந்தால், அத்துணி கண்டெடுக்கப்படும் வரை அல்லது கதிர்ப்படம் எடுத்துப் பார்க்கும் வரை உடலை மூடலாகாது. அவ்வேளை ‘நிறுத்துங்கள்’ என்று கூறும் உரிமை எண்ணுபவருக்கு எழுத்திலே வழங்கப்பட வேண்டும். தவறைச் சுட்டியவர் இடமாற்றத்துக்கோ பழிவாங்கலுக்கோ ஆளாகாதபடி, நிர்வாகத்துக்கு அப்பாற்பட்ட ஒருவர் முறைப்பாடுகளை விசாரிக்க வேண்டும். நடந்ததை நோயாளிக்கும் உறவினருக்கும் அவர்தம் மொழியிலே மறைக்காமற் கூற வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்து, சத்திரவைத்திய நூலையும் தமிழாக்குவித்தார். அன்றே இயன்றது இன்று இயலாது என்பவர் மொழியின் வறுமையை அன்று, தம் மனத்தின் வறுமையையே காட்டுகின்றனர்.

இவ்வளவும் பிறரை நோக்கிக் கூறினோம். எம்மை நோக்கியும் ஒன்று கூற வேண்டியுள்ளது. விடைபெறும்பொழுது அம்மாணவி சிரித்துக்கொண்டே சொன்ன வார்த்தை அது: “சேர், உங்கடை வகுப்பிலை நான் அஞ்சு வரியம் இருந்தனான். ஒருநாளும் எழும்பி ஒரு கேள்வி கேட்டதில்லை. நீங்களும் கேக்கச் சொல்லி விட்டதில்லை.” அவள் குறைகூறவில்லை, நல்ல பிள்ளையாக இருந்ததாகவே எண்ணிச் சொன்னாள். எமக்கோ அது சாட்டையடியாக இருந்தது. அமைதியான வகுப்பே நல்ல வகுப்பு என்று அதிபர் மெச்சினார், நாமும் மகிழ்ந்தோம். அவ்வமைதியைத்தான் அவள் நள்ளிரவிலே அக்கூடத்துக்கு எடுத்துச் சென்றாள்.

அடுத்த நாள் ஒன்பதாம் வகுப்பிலே பாடம் நடத்துகையிற் கரும்பலகையிலே ஒரு சொல்லைப் பிழையாக எழுதிவிட்டோம். நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தனர். நெடுநேரத்தின் பின், பின்வாங்கிலிருந்து ஒரு பையன் தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினான். நாம் அச்சொல்லை அழித்துத் திருத்தினோம். அவன் பெயரைக் கேட்டு, எல்லோரும் கேட்கும்படி அவனுக்கு நன்றி கூறினோம்.